காற்றுக்கு எந்தப் பக்கம்

வியாழன் இரவு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். மகளின் கொம்பியூட்டர் சூடேறி நின்றதுக்குக் காரணம் நான்தான். அது தண்ணீர் ஓடிக் குளிருகிற சாமான். தூசு தட்டிவிட்டு பெட்டியின் உச்சியில் சூட்டை வெளியே தள்ளுகிற ரேடியேற்றரில் மூன்று ஃபேனையும் திரும்பப் பூட்டும்போது, வீட்டு ஜன்னல் மாதிரி, காற்று வர ஒன்று, போக இரண்டு என்று வைத்தனான்.

மகள் திறந்து பார்த்தாள். "அப்பா, மூண்டும் ஒரே பக்கம்தான் ஊதவேணும். நாளைக்குக் காலமை கலியாண வீட்டுக்காரருக்கு வீடியோ குடுக்கவேணும், விளங்குதா?"

"ஓம் ரீச்சர். ஒண்டு கோவிச்சுக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிட்டுது, கொம்மா மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. ஊதுபத்திப் புகை பிடித்துப் பார்த்து, மூன்றையும் மேல்நோக்கி ஊத வைத்தேன். வீடியோ தயாராகத் தொடங்கியது. ஐந்து மணித்தியாலம் எடுக்குமாம். என்னைக் காவல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

பெட்டிக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம், தோணிக்கு அடியில் கேட்கிற மாதிரி. மேலால் இளஞ்சூட்டுக் காற்று. கண்ணை மூடினால் கொட்டியாரக் குடாக் கடலில் மல்லாந்து மிதக்கிறேன். இவ்வளவு நல்ல காற்று வீணாகப் போகுதே என்று, நான் இடுப்பில் உடுக்கிற சாரத்தைத் தோய்த்த ஈரத்தோடு அதற்கு மேலே விரித்தேன்.

நாலாவது மணித்தியாலத்தில் கொம்பியூட்டர் திரும்பவும் சூடேறி நின்றது. வீடியோ இப்போது முதலிலிருந்து ஓடுகிறது.

சாரம் காய்ந்துவிட்டது.