கோயிலுக்காக வளைந்த கோடு

செவ்வாய், மார்ச் 11

சாலை அளவை அலுவலகத்தில் இன்று வரைபடத்தில் புறவழிச்சாலையின் கோட்டை நான்தான் வளைத்தேன். அம்மன் கோயிலைத் தொடக் கூடாது என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. வளைந்த கோடு, கோயிலுக்குப் பக்கத்தில் அத்தை கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் மேலேயே போகிறது. அறிவிப்பு வருமுன் வெளியே சொன்னால் வேலை போய்விடும். பழைய பெருவழிகள் எங்கே, ஏன் வளைந்தன என்று ஆசை ஆசையாகப் படித்தவள் நான்.

மாலையில் மல்லசமுத்திரத்திலிருந்து அத்தை போன் செய்தார்.

"ஏஞ்சாமி, ரோடு நம்ம ஊட்டுப் பக்கம் வருதா? ஆத்தா பக்கத்துல இருந்தா எவன் கை வெப்பான்னுதான் உங்க மாமன் இந்த எடத்தையே புடிச்சாரு."

"எனக்குத் தெரியலீங்கத்தை."

"அப்பச் சரி. வெள்ளிக்கிழமை மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடறோம். மொதச் சட்டிக் கலவைய நீதான் கொட்டோணும்."

"வாரேனுங்க" என்று சொல்லிவிட்டேன்.