நாற்பத்திரண்டாவது காசு

ரெய்னர்ஸ் லேன், லண்டன்
2025 பெப்ரவரி 16, ஞாயிறு, காலை 7.10

அண்ணைக்கு,

இப்போதுதான் எண்ணினேன். அப்பாவின் ஆல்பத்தில் பாரசீக வெள்ளிக் காசுகள் 41. இருக்க வேண்டியது 42. இல்லாதது குஸ்ரோ அரசனின் காசு. பின்பக்கம் நெருப்புப் பீடம், இருபுறமும் காவலுக்கு இரண்டு பேர். "இது மூத்தவன், இது இளையவன். நெருப்பு அணைஞ்சு நூந்துதெண்டால் ரண்டு பேருக்கும் அடி" என்று அப்பா சொல்வாரே, அது.

அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்து, ஆல்பம் இருந்த அறையில் படுத்தது நீங்கள் மட்டும்தான். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. எடுத்தீர்களா? போன் எடுக்கிறீர்கள் இல்லை, அதனால் எழுதிக் கேட்கிறேன்.

எனக்கு அழுகை ஒன்றும் வரவில்லை. வேலைக்குப் போகிறேன். பாலத்து வெல்டிங்கில் வெடிப்புத் தேடுவதுதானே வேலை, தேடுகிறேன்.

நிருஜன்


பாரிஸ்
21.02.2025

அன்புள்ள தம்பி,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

கள்ளன் என்று நேரேயே எழுதியிருக்கலாம், நாலு வரி மிச்சம்.

ஆல்பத்தை நான் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் தந்த பைக்குள் அப்பாவின் சட்டை இருந்தது, சட்டைப்பையில் அந்தக் காசு. அவரே கொண்டுபோயிருக்கிறார். உன்னிடம் காட்டலாம் என்று என் பொக்கற்றில் போட்டேன். வாய்க்கரிசி நேரம் ஐயர், "அரிசியோட ஒரு காசும் வையுங்கோ" என்றார். நின்ற சனம் முழுக்கக் கார்ட் வைத்திருக்கிற சனம். என்னிடம் யூரோச் சில்லறைகூட இல்லை. கையில் வந்தது அதுதான். அப்பாவின் வாயில் வைத்தேன்.

"மற்ற மகன் எங்கை?" என்று ஐயர் இரண்டு தரம் கேட்டார். நீ கார் பார்க்கில் போனோடு நின்றாய். "அவனை விடுங்கோ ஐயா, நான் ரண்டு பேருக்குமாப் போடுறன்" என்றேன்.

சிவதர்ஷன்


ரெய்னர்ஸ் லேன்
26.02.2025

அண்ணை,

செய்தது பிழை. அந்தக் காசை அடித்த பாரசீகரின் சமயப்படி நெருப்பு அவ்வளவு சுத்தம், பிணத்தை அதில் படவே விடமாட்டார்கள். நீங்கள் காசிலிருந்த அந்த நெருப்பைச் செத்தவர் வாயில் வைத்து எரித்திருக்கிறீர்கள். அப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

வெள்ளி 962 பாகையில் உருகும். தகன அறைச் சூடு அதற்குக் கிட்டத்தான். உருகியதோ இல்லையோ, சொல்ல ஏலாது.

அன்று போனில் ஒருவரும் இல்லை அண்ணை. சும்மா காதில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே வர ஏலவில்லை.

இனிச் செய்யப்போவது:

1. நாளை அப்பாவின் சாம்பலை எடுப்பேன்.
2. அதற்குள் வெள்ளி தேடமாட்டேன்.
3. ஆல்பத்தில் அந்த இடத்தை அப்படியே விடுவேன்.
4. நீங்கள் வரும்வரை சாம்பலைக் கரைக்கமாட்டேன்.
5. போன் அடித்தால் எடுப்பேன்.

நிருஜன்