வீடுகளுக்குள் புகுந்த ரோடு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

இங்கே கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறோம். வீடுகள் ஒரு அடுக்கு, ரோடுகள் இன்னொரு அடுக்கு; ஒன்றை அணைத்தால் அதில் உள்ளது திரையில் தெரியாது. மேனேஜர் வீட்டு அடுக்கை அணைத்துவிட்டு, அணைத்ததையும் மறந்து ரோடு வரைந்திருக்கிறார். நான் திறந்து பார்த்தால், ரோடு ஒரு தெரு முழுக்க வீடுகளுக்குள் புகுந்து போகிறது. சொன்னேன்.

"அப்ப வீடுகளைக் கொஞ்சம் தள்ளி வைம்மா" என்றார், நாற்காலியைத் தள்ளச் சொல்வதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உள்ள ஆளுங்க இருக்காங்க சார். ரோட்டைத் தள்ளுங்க."

அவர் ரோட்டைத் தள்ளவில்லை, என்னைத்தான் மரம் வரையும் பக்கம் தள்ளிவிட்டார். கவலைப்படாதீர்கள், வேலை போகவில்லை.

வரைபடத்தில் நம் வீட்டையும் தேடினேன். காலி மனை என்று இருக்கிறது. யாராவது அதன்மேல் ரோடு போடுவதற்குள் வரைந்துவிடுகிறேன். வாசலைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

ஆபீசுக்குக் கூட்டிப்போகும் வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார். போட்டோவில் நீங்களும் அம்மாவும் நிற்கவேண்டும்.

உங்கள் மகள்