முதலாளி பிடித்த மூங்கில்

கடை முழுக்கப் பச்சை மூங்கில் வாசனை. போன வாரம் வெட்டினேன், கச்சிராயபாளையத்தில், நாம் எப்போதும் வாங்குகிற அதே ஆளிடம். அரிவாள் பட்டு வாசனை கிளம்பியதும் நீ பக்கத்தில் நின்று அதட்டுவது போலவே இருந்தது: "நீளமாவே வெட்டுடா. கம்மியா வெட்டிக்கினு போயி மலைகிட்ட கெஞ்ச முடியாது." நீளமாகவே வெட்டினேன். நுனியில் உன் சிவப்புத் துண்டைக் கட்டினேன். யாருடைய சரக்குக்காக என்று தெரிந்தால் காறித் துப்பியிருப்பாய். உன் பழைய முதலாளிக்காகத்தான். கோபப்படாமல் முழுக்கக் கேள்.

நீ டிரெய்லர் ஓட்டினாய். அந்த மாதிரி வண்டிகளுக்குச் சாலை அனுமதி வாங்கித் தருவது என் பிழைப்பு. கள்ளக்குறிச்சிக் கடையில் நான் மனு தட்டிக்கொண்டிருக்க, நீ டீயை உறிஞ்சியபடி கேலி செய்வாய். நெடுஞ்சாலைக்கு ஒன்று, மின்வாரியத்துக்கு ஒன்று, மலை என்றால் வனத்துறைக்கும் ஒன்று. "காயிதத்துல எல்லா ரோடும் நேராத்தாண்டா இருக்குது" என்பாய். அதனால்தான் வண்டியின் நீளத்துக்கு மூங்கில் வெட்டி, ஆளுக்கொரு முனை பிடித்து, வளைவு வளைவாக நடந்து பார்ப்போம். அதுவும் கீழிருந்து மேலேதான். இறங்கும்போது எல்லா வளைவும் அகலமாகத் தெரியும் என்பது உன் கட்சி. மூங்கில் திரும்பினால்தான் மனு.

நீ கடைசியாக ஏற்றிப் போன அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு யாரும் நடக்கவில்லை. முதலாளியின் மானேஜர் வெள்ளிமலையிலிருந்து காரில் இறங்கி வந்து, ரோடு நல்லா இருக்குது என்று சொன்னதோடு சரி. நான் திருக்கோவிலூரில் வேறு வேலையாக இருந்தேன். மனு என் மேசைக்கே வரவில்லை. "அளந்தாச்சு, பர்மிஷனும் வந்துடும், நீ ஏறு" என்று முதலாளியே உனக்குப் போன் போட்டிருக்கிறான். நீ நம்பினாய். பாறை துருத்திக்கொண்டிருக்கும் அந்தக் கொண்டை ஊசி வளைவில் உன் பின்சக்கரத்துக்குக் கீழே மண் இல்லை.

அதையாவது விதி என்று விட்டிருப்பேன். உன் பிணத்துக்கு மாலை போட்டுவிட்டு, உன் மனைவி எஸ்தர் காதில் விழும்படியே முதலாளி சொன்னான்: "குடிச்சிட்டு அவனா ஏத்திட்டாம்பா. நான் போவச் சொல்லவே இல்ல." கல்யாண வீட்டில்கூட பாட்டில் மூடியை முகராதவன் நீ. ஆனாலும் ஊர் நம்பியது. தியாகதுருகத்தில் இன்றைக்கும் அவளுக்குக் குடிகாரன் பொண்டாட்டி என்றுதான் பேர்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேண்டுதல். அவன் சாகக் கூடாது. நோய் நொடி வரக் கூடாது. என் கடைப் படி ஏறும்வரை நன்றாக இருக்க வேண்டும்.

ஏறினான். நீ போனபின் அந்த மலைக்கு வேறு யாரும் மனு எழுதச் சம்மதிக்கவில்லை.

"இன்னாபா, பழசையே மனசுல வெச்சிக்கினு இருக்காத. மேல ஒரு லோடு போவணும்."

"முடிச்சிடலாங்க. ரோடு பாக்க நீங்க வரணும். சரக்குக்காரர்தான் பின்முனையப் புடிக்கணும். அதாங்க வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அந்த நிமிடம் நான் பெற்ற பிள்ளை அது.

நெடுஞ்சாலை இன்ஜினியர் வந்தார், மின்வாரிய லைன்மேன் வந்தார். எஸ்தரை நான்தான் பஸ்ஸில் வரச் சொல்லியிருந்தேன். கீழிருந்து நடந்தோம். வெள்ளை வேட்டி முழங்காலுக்கு மேலே போய், மூச்சு வாங்க, உன் வளைவுக்கு வந்து சேர்ந்தான். முன்முனையோடு நான் பாறையைச் சுற்றினேன். மூங்கில் அவனை வெளியே தள்ளியது. செருப்புக்கடியில் கல் உருண்டு பள்ளத்தில் விழுந்தது.

"யோவ், எடமே இல்லய்யா. இதுல எவன்யா வண்டி ஏத்துவான்?"

"மொதலாளி அளந்தாச்சுன்னு சொன்னா ஏத்துவாங்க" என்றேன்.

ஒரு தள்ளு போதும். என் கை அதற்குத் தயாராகத்தான் இருந்தது. எஸ்தர் முந்திக்கொண்டாள். குரல்கூட உயரவில்லை.

"எங்க வூட்டுக்காரர்கிட்ட அளந்தாச்சுன்னு நீங்க சொன்னீங்களா?"

பள்ளத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் மூங்கிலை என் பக்கம் இழுக்கவில்லை.

"சொன்னேம்மா."

"குடிச்சிருந்தாரா?"

"இல்லம்மா. அவன் குடிக்க மாட்டான்."

இன்ஜினியர் காதில் விழுந்தது. லைன்மேன் காதிலும் விழுந்தது. அப்புறம்தான் அவனை உள்ளே இழுத்தேன்.

மூங்கில் அங்கே திரும்பவில்லை. அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். இனி அவன் சரக்கைப் பிரித்துச் சின்ன வண்டியில் ஏற்றட்டும், இல்லையென்றால் சுற்றுவழியில் போகட்டும். என் மனம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. ஆறவில்லை, ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

அந்த மூங்கிலை ஜீப் மேலே கட்டி எடுத்து வந்துவிட்டேன். கடைக்குள் அடங்கவில்லை. அவன் பிடித்த முனை வாசலைத் தாண்டித் தெருவில் நீட்டிக்கொண்டிருக்கிறது, உன் துண்டை அவிழ்த்து அதில் கட்டியிருக்கிறேன். போகிறவர்கள் இடித்துக்கொண்டு, "இன்னாய்யா இது?" என்கிறார்கள். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, அவன் பேரைச் சொல்லித் தொடங்குகிறேன்.