சின்னவளின் நெற்றியும் என் கடை க்ரீமும்

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, உன் அம்மாவின் முழங்கால் வலிகூட இப்போது பரவாயில்லை. எனக்குத்தான் மனசு சரியில்லை. நேற்று போனில் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன், நீ "என்னப்பா" என்றதும் வாய் வரவில்லை, சும்மாதான் என்று வைத்துவிட்டேன்.

சின்னவளுக்கு நெற்றியில் பரு வந்தது உனக்குத் தெரியும். அது நெற்றி முழுக்கப் பரவி, காதோரம் வரை இறங்கிவிட்டது. சலூன்காரன் மகளுக்கே இப்படியா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. அவளைக் கடை நாற்காலியில் உட்கார வைத்து, முன்முடி நெற்றியை மறைக்கிற மாதிரி வெட்டிவிட்டேன். அது கலையாமல் நிற்க நம் கடை க்ரீமைத் தடவினேன். வருகிறவர்களுக்கு விரல் நுனியில் தொட்டு எடுக்கிறவன், சொந்தப் பெண்ணாயிற்றே என்று அள்ளி அப்பினேன். கண்ணாடியில் ஒரு பருகூடத் தெரியவில்லை, பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு எனக்கு. தினமும் அவள் துணிக்கடை வேலைக்குக் கிளம்புமுன் இதே கதைதான். பரு கூடக்கூட நானும் க்ரீமைக் கூட்டினேன். அதோடு விட்டேனா, முகம் கழுவுவதில்லை, கண்டதையும் தின்கிறாள் என்று திட்டு வேறு. ஒரு நாள் நம் கடைக்கு வாடிக்கையாக வரும் தச்சுவேலைக்காரர் பாதி ஷேவிங்கில் இருக்கும்போது அவள் காதுபடவே, "இவளுக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாது சார்" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிள்ளை உள்ளே போய்விட்டாள். ஓயாமல் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தோலே உரிந்திருக்கிறது என்று அப்புறம்தான் உன் அம்மா சொன்னாள்.

போன வாரம் உன் அம்மா பிடிவாதமாகத் தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள், நானும் போனேன். அந்தம்மா அவள் முன்முடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, விரலில் ஒட்டிய பிசுக்கைத் தேய்த்துக்கொண்டே, "தலையில என்னம்மா போடறே?" என்று கேட்டார். சின்னவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பசை வேர்வையோடு நெற்றியில் இறங்கித் தோலின் துவாரங்களை அடைக்கிறதாம், பரு வருகிற தோலுக்கு ஆகவே ஆகாதாம், மேலே முடியும் மூடிக்கொண்டால் கேட்கவே வேண்டாமாம். க்ரீமை நிறுத்து, முடியை ஏற்றிக் கட்டு, கண்டிஷனரை நன்றாக அலசிவிட்டு அப்புறம் முகம் கழுவு, தலையணை உறையை அடிக்கடி மாற்று, சோப்பால் தேய்க்காதே, மெதுவாகத்தான் ஆறும் என்றார். அப்பா என்ன தொழில் என்று கேட்டுவிடக் கூடாதே என்று தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, கேட்கவில்லை. வெளியே வந்ததும் சின்னவள், "பரு வந்தது எனக்கு, வெக்கம் உங்களுக்காப்பா?" என்றாள். நடுரோட்டில் நின்றேனம்மா, நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

இப்போது முடியை மொத்தமாக இழுத்து அவளே கட்டிக்கொண்டு, நெற்றி தெரியத்தான் வேலைக்குப் போகிறாள். என்னிடம் பேச்சில்லை, எது கேட்டாலும் ஒரு "ம்". தச்சுவேலைக்காரர் மறுபடி வந்தபோது, "தப்பு என் பொண்ணு மேல இல்ல சார், என் க்ரீம்தான்" என்றேன். அவருக்கு நான் முன்பு சொன்னதே ஞாபகமில்லை. அவளுக்கு இருக்கிறதே. தெருவில் உள்ளவர்கள் எல்லாம் நம்பித் தலையைக் கொடுக்கிறார்கள், பெற்ற பெண் தலையைத் தொட எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவள் உன்னோடுதான் மனம்விட்டுப் பேசுவாள். அப்போது, அப்பா பாவம், உன் நல்லதுக்குத்தானே செய்தார் என்று ஆரம்பிக்காதே. அவள் நல்லதுக்கு இல்லை, என் கடைப் பேருக்காகத்தான் மறைத்தேன். அவள் என்னைத் திட்டினால் நடுவில் தடுக்காமல் முழுக்கக் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா