அத்தான் ஓம் எண்டவர்

லைப்சிக்,
18.11.2007

அன்பின் மச்சான் ஸ்ரனிஸ்லாசுக்கு,

ஆண்டவரின் கிருபையால் நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் வீட்டிலும் எல்லாரும் அப்படியே இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். தொலைபேசி இருக்க இந்த மனிசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர். தொலைபேசியை எடுத்தால் உமது அக்கா பக்கத்தில் வந்து நிற்பா. பாதியில் பறித்து உம்மோடு சிரித்துக் கதைப்பா. நான் சொல்லப்போகும் விசயத்துக்குச் சிரிப்பு சரிவராது. வாயால் சொன்னால் நான் கத்திவிடுவேன் என்ற பயமும் இருக்கிறது.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. போன கிழமை மகள் வெரோனிக்கா மற்றப் பிள்ளைகளோடு கடதாசி விளக்குப் பிடித்துக்கொண்டு தெருவில் பாடிப்போனாள். விளக்கு ஒட்டியது நான். பாதி வழியில் அடி கழன்று விழுந்துவிட்டது. மற்ற அப்பாமார் ஒட்டியது ஒன்றும் விழவில்லையே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். எனக்கு அதே இத்தாலியன் கடைச் சமையலறைதான். ஜேர்மன் குடியுரிமைக்குப் போட்ட அன்றாக், அதுதான் விண்ணப்பம், ஒருவழியாக நகர்ந்து, ஜனவரி 22ஆம் திகதி காலை ஒன்பது மணிக்குக் கந்தோருக்கு வரச் சொல்லி டேர்மின் தந்திருக்கிறார்கள். எட்டு வருசம் பார்த்திருந்த நாள். உமது அக்கா பிளோறன்சும் பிள்ளையும் என்னுடைய காகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நாட்டில் நிற்கிறார்கள் என்பது உமக்குத் தெரியும்.

மூன்று கிழமைக்கு முன் இங்கே நடந்த ஆவணப்பட விழாவில் ஒலேனாவின் படத்தைக் காட்டினார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உமக்குத் தெரிந்த கதையைத் திரும்பவும் சொல்வதற்குக் குறை நினைக்க வேண்டாம். படத்தில் நீர் பேசியதைக் கேட்ட பிறகு, உமக்கு எது ஞாபகம், எது மறதி என்று எனக்குப் பிடிபடவில்லை. கீவ் நகரத்தில், 98ஆம் ஆண்டுக் கடைசியில், ஆளனுப்பும் ஏஜென்ற் எங்களைப் பூட்டி வைத்தது ஐந்தாம் மாடியில். பதினொரு பேருக்கு இரண்டு அறை, ஐந்து மாதம். ஏழாம் மாடியில் இருந்த பெட்டைதான் ஒலேனா. அரசாங்கப் பட நிலையத்தில் படம் வெட்டி ஒட்டும் பகுதியில் உதவியாளாக இருந்தவ. சம்பளம் வராத வேலை. ஆனாலும் எங்களுக்கு வெங்காயமும் காய்ச்சல் குளிசையும் வாங்கித் தந்தவ. அவ கொண்டுவந்த பீற்றூட் சூப்பை இரத்தம் என்று சொல்லி நீர் குடிக்க மறுத்தது ஞாபகம் இருக்கும். இரவல் கமரா ஒன்றை வைத்து எங்களைப் படம் பிடித்துப் பழகினவ. நான் ரொட்டிக்கு மாக் குழைத்ததையும், நீர் நத்தார்ப் பாட்டுப் பாடினதையும் எடுத்தவ. பூட்டிக் கிடந்த சனம், ஒருத்தி வந்து பார்க்கிறாளே என்ற சந்தோசத்தில் முகத்தைக் காட்டினோம்.

மார்ச்சில் நீர் விமானம் ஏறி ரொறன்ரோ போய்விட்டீர். ஏப்பிரலில் நான் லொறியில், போலந்துக்குள்ளால் இங்கே வந்தேன். இங்கே விசாரணையில், விமானத்தில் நேரே பிராங்போர்ட்டில் வந்து இறங்கியதாகச் சொன்னேன். ஏஜென்ற் பாடமாக்கித் தந்த பொய். போலந்துக்குள்ளால் வந்தேன் என்று சொன்னவர்களைத் திருப்பி அனுப்பிய காலம் அது. என் அகதிக் காகிதம் அந்தப் பொய்யின் மேல்தான் நிற்கிறது. இது வெளியில் வந்தால் என் பழைய வழக்குக் கோவையைத் திரும்பத் திறப்பார்கள். ஏஜென்றை விட்டால், இதை அறிந்திருந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர்தான். நான், உமது அக்கா, நீர்.

ஒலேனா தன் முயற்சியால் முன்னுக்கு ஏறி வந்தவ என்பதை நான் மறுக்க மாட்டேன். பட நிலையத்தில் அவவுடைய பகுதியை மூடின பிறகு கலியாண வீடுகளுக்குப் படம் பிடித்தா. பிறகு சினேகிதி ஒருத்தியோடு, பல் வைத்தியர் ஒருவருடைய வீட்டின் பின்னறையில் சொந்தமாகக் கம்பனி தொடங்கினா. முதல் படத்தை ஒருவரும் வாங்கவில்லை. இரண்டாவது, ட்ரொலிபஸ் ஓட்டும் ஒரு பெண்ணைப் பற்றினது, ஆறேழு ஊர் விழாக்களுக்குப் போனது. 2004ஆம் ஆண்டு அவர்களுடைய சனம் தேர்தல் களவை எதிர்த்துப் பனிக்குள் சதுக்கத்தில் நின்றபோது, இவ கமராக்காரர் நாலு பேரை அங்கேயே படுக்க வைத்து எடுப்பித்தா. அந்தப் படத்துக்குப் பிறகுதான் வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரர் அவவுக்குக் கதவு திறந்தார்கள். அடுத்த வருசம் இங்கே வந்தவ, தமிழ்க் கோயில் சனத்திடம் விசாரித்து விசாரித்து என் வீட்டு மணியை அடித்தா. கதவைத் திறந்தேன். இருவரும் வாசலில் நின்று அழுதோம்.

அதற்குப் பிறகு இரண்டு வருசம், ஜேர்மனியில் அவவுடைய கந்தோர் வேலை எல்லாம் நடந்தது எங்கள் வீட்டில்தான். தயாரிப்பாளர் என்றால் சுருட்டுப் பிடிக்கிற பெரிய மனிதர் என்று நினைத்திருந்தேன். ஒரு கோவையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்குகிற வேலை என்று இவவைப் பார்த்துத்தான் அறிந்தேன். லீவு போட்டு ஸ்டுட்கார்ட்டுக்கும் கொலோனுக்கும் என் பழைய ஓப்பலில் கொண்டுபோனேன். அவ உள்ளே போய்ப் பேசும்வரை வெளியில் காருக்குள் இருந்து செபமாலை சொன்னேன். உமது அக்கா அவவின் சட்டையை மினுக்கிக் கொடுத்தா. வெரோனிக்காவின் கட்டிலில்தான் அவ படுத்தா. எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று முன்னுக்கு வருகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் பெருமைப்பட்டோம்.

கீவ் வீட்டில் எடுத்த பழைய கசற்றுகளை வைத்து ஒரு படம் செய்யப்போகிறேன் என்று அவ கேட்டபோது, செய் பிள்ளை, ஆனால் என் முகமும் பெயரும் வரக்கூடாது என்றேன். காரணத்தையும் சொல்லவேண்டி வந்தது. நாலாவதாக அறிந்த ஆள் அவ. மூன்று தரம் கேட்டா, மூன்று தரமும் ஏலாது என்றேன். கடைசியில், சரி யாகோப், மாக் குழைக்கிற உன் கைகளை மட்டும் காட்டுகிறேன் என்று என் மேசையில், என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு சொன்னவ.

படம் காட்டிய அன்று நாங்கள் மூன்றாம் வரிசையில் இருந்தோம். பிளோறன்ஸ் தாலிக்கொடியை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு, கலியாண வீட்டுக்கு வந்தவ மாதிரி இருந்தா. விளக்கு அணைந்து பத்து நிமிசத்தில் என் முகம் சுவர் அளவுக்கு வந்தது. உமது அக்கா என் கையில் இடித்து, இஞ்சருங்கோ, என்ன மெலிவு அப்ப, என்று சிரித்தா. அதற்குப் பிறகு நீர் வந்தீர், ரொறன்ரோவில் உமது வரவேற்பறையில், நல்ல சேட்டோடு. என் பெயரைச் சொன்னீர். மாசத்தைச் சொன்னீர். அத்தான் லொறிக்குள்ளை மரக்கறிப் பெட்டியளுக்குப் பின்னாலை இருந்து போலந்துக்குள்ளாலை போனவர் என்று கமராவைப் பார்த்துச் சொன்னீர். சனம் கைதட்டியது. பிளோறன்சின் சிரிப்பு அதோடு நின்றுபோனது.

வெளியில் வந்து ஒலேனாவை ஒரு மூலைக்குக் கூப்பிட்டேன். நான் தூசணம் பேசுகிற ஆள் இல்லை, ஆனால் அன்றைக்கு வாயில் வந்தது. அவ கோவையைத் திறந்து ஒரு தாளைக் காட்டினா. படத்தில் வருகிற ஒவ்வொரு முகத்துக்கும் சம்மதத் தாள் இல்லாமல் தொலைக்காட்சி வாங்காதாம். என் பெயருக்கு நேரே, குடும்பத்தின் சார்பில் என்று எழுதி, உமது கையெழுத்து இருந்தது. இவ ரொறன்ரோவில் உம்மிடம், அவர் மாட்டேன் என்றாரே என்று கேட்டவவாம். நீர், நான் இப்பதான் கதைச்சனான், அத்தான் ஓம் எண்டவர், எங்கடை ஆக்களிலை மச்சான் கையெழுத்து வைச்சால் காணும் என்று சொன்னீராம்.

நீர் எப்போது கதைத்தீர், ஸ்ரனி? அவ ரொறன்ரோவில் நின்ற மாதம் முழுக்க எங்கள் வீட்டுத் தொலைபேசி மணி அடிக்கவில்லை.

அவ என் வாயால் மூன்று தரம் ஏலாது என்று கேட்டவ. அங்கிருந்து ஒரு தரம் எனக்கு அடித்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்தபடியால்தான் கேட்கவில்லை. அதை அவவே ஒத்துக்கொண்டு, என் கையைப் பிடிக்க வந்தா. நான் தட்டிவிட்டேன். ஆனால் மச்சான், அவ அந்நியம். இரண்டு வருசம் பார்த்துக் கட்டின படம் கையை விட்டுப் போகுமே என்று பயந்தவ. அவவில் எனக்குக் கோபம். உம்மில் கோபம் என்று சொல்லி முடிக்க ஏலாமல் இருக்கிறது. மனம் விட்டுப்போச்சு. உமக்கு என்ன குறை வந்தது என்று இரவு பகலாக யோசிக்கிறேன். கனடாப் பாஸ்போர்ட் கையில் இருக்கிறது. கமராவுக்கு முன்னால் ஒரு நல்ல கதை சொல்ல ஆசைப்பட்டீர், அவ்வளவுதானா?

நானும் குற்றம் இல்லாதவன் இல்லை. 2002இல் ஊரில் மாமியின் வளவுக் காணிக்குரிய காகிதம் இங்கே வந்தபோது உமது பெயருக்கு நேரே நான்தான் கையெழுத்து வைத்து அனுப்பினேன். பிறகுதான் உமக்குச் சொன்னேன். நீர் சிரித்து, அத்தான் வைச்சால் நான் வைச்ச மாதிரி என்றீர். குடும்பம் என்றால் இப்படித்தான் என்று நான் அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தினேன். ஒருவருக்காக ஒருவர் ஓம் சொல்வதைப் பாசம் என்று நாங்கள் பழகிவிட்டோம். ஆனால் அன்றைக்கு நான் வைத்த கையெழுத்தால் உமது வீட்டுக் கதவை ஒரு பொலிசுக்காரனும் தட்டப்போவதில்லை.

படம் ஜனவரி 9ஆம் திகதி தொலைக்காட்சியில் போகிறது. என் டேர்மின் அதற்குப் பதின்மூன்று நாள் கழித்து. என் கோவையைப் பார்க்கிற லின்ட்னர் அம்மாவுக்கு அகதிகள் பற்றின படம் என்றால் விருப்பம் என்று அவவே எனக்குச் சொல்லியிருக்கிறா. நல்ல மனிசி. நல்ல மனிசிகள்தான் அப்படிப் படம் பார்க்கிறவர்கள். நான் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து நிறுத்தலாம். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏன் என்பதற்கு என்னிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை.

ஆனால் உம்மால் முடியும். ஒலேனாவுக்கு ஒரு பக்கம் எழுதும். யாகோப்புவிடம் நான் கேட்கவில்லை, அவருக்காகக் கையெழுத்து வைக்க எனக்கு உரிமை இல்லை, என் கையெழுத்தைத் திருப்பி எடுக்கிறேன் என்று மட்டும் எழுதும். அந்தக் கடிதம் வந்தால் என் முகத்தை மறைத்து, உமது பேச்சை வெட்டித்தான் ஆகவேண்டும் என்று அவ சொல்கிறா. திருத்தின படத்தைச் சொன்ன திகதிக்குக் கொடுக்காவிட்டால் தொலைக்காட்சி அதை வேண்டாம் என்று சொல்லக்கூடுமாம். அப்படி நடந்தால் அந்தப் பல் வைத்தியர் வீட்டுப் பின்னறைக் கம்பனியும் போய்விடும். இதை எழுதும்போது எனக்குச் சந்தோசம் இல்லை. அந்தப் பிள்ளைக்காக நான் சொன்ன செபமாலைகளை நானே திருப்பிக் கேட்கிற மாதிரி இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன், எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது.

உமது அக்காவுக்கு அந்தத் தாளைப் பற்றி நான் சொல்லவில்லை. ஒலேனா திருடி எடுத்து எங்களைக் கெடுத்தா என்றே அக்கா நினைத்து, அவ தந்த சால்வையைக் குப்பையில் போட்டுவிட்டா. தம்பி பாவம், வெள்ளை மனதோடை கதைச்சிருக்கிறான், அவளெல்லோ வெட்டியிருக்க வேணும் என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறா. நான் தலையாட்டிக்கொண்டு கோப்பை கழுவுகிறேன். எவ்வளவு நாள் ஆட்டுவேன் என்று எனக்கே தெரியாது. என்னிடமிருந்து அவ அறிவதற்கு முன் நீரே சொல்லிவிடுவது நல்லது.

நேற்று உமது மனைவி பிறேமா தொலைபேசி எடுத்து அக்காவோடு கதைத்தாவாம். உங்கள் மகனுக்கு ஜனவரி கடைசியில் ஞானஸ்நானம், ஞானத்தகப்பனாக என் பெயரைச் சுவாமியாரிடம் கொடுத்தாச்சு என்று சொன்னாவாம். அகதிக் காகிதத்தோடு எனக்கு விசா கிடைக்காது என்பதால், எனக்குப் பதிலாக ரொறன்ரோவில் இருக்கும் லூக்காஸ் அண்ணை நின்று பிள்ளையைத் தூக்குவாராம், கோயில் புத்தகத்திலும் அவரே என் இடத்தில் கையெழுத்து வைப்பாராம். அக்கா கண்கலங்கிச் சொன்னா. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இதையும் என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை, ஸ்ரனி. கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிள்ளையின் ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்கச் சொல்லும் மனம் எனக்கு இல்லை. லூக்காஸ் அண்ணை தாராளமாகத் தூக்கட்டும், எங்களை எல்லாம் விட நல்ல மனிதர். ஆனால் புத்தகத்தில் என் பெயருக்கு எதிரே ஒருவரையும் எழுத விடாதையும். அந்த இடம் வெறுமையாகக் கிடக்கட்டும். நீர் அந்த ஒரு பக்கத்தை எழுதி அனுப்பினால், நான் ஒரு நாள் என் சொந்தப் பாஸ்போர்ட்டில் வந்து, என் கையால் வைப்பேன்.

மருமகனுக்கு என் முத்தங்கள். அவன் நீண்ட ஆயுளோடும் நல்ல வாக்கோடும் வளர ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
அத்தான்
ம. யாகோப்பு