போத்தனூர்ப் படைத்தலைமையகம்

மார்ச் 6, 2022
சத்தியமாகச் சொல்கிறேன், இனி எழுதப்போவதை எவனும் நம்பமாட்டான். கருங்கடல் போரை நடத்துவது கண்ணையாவாகிய நான்தான். தலைமையகம், போத்தனூர் வீட்டு மாடி. ஆயுதம், டி.வி. ரிமோட். நான் சேனல் மாற்றினால் அங்கே மூன்று படைப்பிரிவுகள் பின்வாங்குகின்றன.

தங்கை ரங்கநாயகி சிரிக்கவில்லை. அவள் மகன் சசிதர் கோதுமைக் கப்பலில் இன்ஜினியர். கப்பல் அங்கே ஒரு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கடல் முழுக்கக் கண்ணிவெடி.

மார்ச் 8
மேப் பார்த்தேன். துறைமுகத்துக்கு வடக்கே ஓர் ஆற்றுப் பாலம். எதிரித் தரைப்படை அதைப் பிடித்தால் ஊர் விழும். ஊர் விழுந்தால் துறைமுகம், கப்பல், உள்ளே இருக்கும் நம் பையன், எல்லாம் போச்சு. கடலில் நிற்கிற கப்பலின் தலையெழுத்து தரையில் கிடக்கிற பாலத்தில்.

பாலம் இரண்டு நாள் தாங்காது. கண்ணையா சொன்னால் சொன்னதுதான்.

மார்ச் 9
சசி போனில் பேசினான். "மாமா, எல்லைக்கு வேன் விடறாங்க. போறவங்க போலாம், இல்லீன்னா கப்பல்லயே இருக்கலாம்னு கேப்டன் சொல்லிட்டாரு. அம்மா சொல்றதத்தான் செய்வேன்."

ரங்கநாயகி போனை என்னிடம் தள்ளினாள். "நான் என்னத்தக் கண்டேன்? மாரியம்மன்கிட்டப் பூக் கேட்டுப்போடலாங்ணா. வெள்ளை வந்தா வேன்ல வரட்டும். செகப்பு வந்தா கப்பல்லயே இருக்கட்டும். தாய்மாமன் நீங்க, பொட்டலத்த நீங்களே மடிங்க."

மார்ச் 10
மடித்தேன். இரண்டிலும் வெள்ளை அரளி.

பூசாரி எதை எடுத்தால் என்ன? பாலம் விழப்போவது அம்மனுக்கு முன்பே எனக்குத் தெரியும். யாராவது மற்றதையும் பிரிக்கச் சொல்லியிருந்தால் பொட்டலத்தோடு மென்று முழுங்கியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

மார்ச் 11
சசி கிளம்புகிறான். கப்பல் சமையல்காரர் பாலுசாமி, நம் கிணத்துக்கடவுக்காரர், கப்பலிலேயே இருப்பதாகத்தான் இருந்தாராம். "உங்க ஊட்டு அம்மன் வெள்ளை குடுத்துருச்சா? அப்ப நானும் வாரேன் தம்பி" என்று பையைத் தூக்கிவிட்டாராம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே பொட்டலத்தில் இரண்டு உயிர்.

மார்ச் 13
வேன் மேல் குண்டு. சசிக்குத் தோளில் காயம். பாலுசாமி —

மார்ச் 14
பாலுசாமி இல்லை.

ஏப்ரல் 2
பாலம் நிற்கிறது.

ஆகஸ்ட் 9
பாலம் விழவே இல்லை. அதனால் ஊரும் விழவில்லை. கடைசியில் பேச்சுவார்த்தை நடத்திக் கடல் வழியைத் திறந்துவிட்டார்கள். கப்பல் கிளம்பிவிட்டது. கப்பலிலேயே இருந்தவர்கள் அத்தனை பேரும் முழுசாக வருகிறார்கள்.

தோள் ஆறி, சசி வீட்டில் இருக்கிறான். கிளம்பும் முன் பாலுசாமி ஆக்கிப்போட்ட கடைசிச் சாப்பாட்டைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறான். ரங்கநாயகி வெள்ளைப்பூவின் மகிமையைத் தெருவெல்லாம் சொல்கிறாள். நான் எந்த வாயால் சொல்வேன்?

ஆகஸ்ட் 14
பாலுசாமியின் அம்மா தெய்வாத்தாள் வந்தார். தண்ணீர்கூட வாங்கவில்லை. "ஏனுங்க, அம்மன் எம்பையனுக்கும் சேத்தித்தானுங்க வெள்ளை குடுத்துச்சு?"

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதைவிட்டேன். வேனை ஓட்டியதே பாலுசாமிதான் என்றேன், நாற்பது பேரைக் காப்பாற்றினார் என்றேன், எதிரித் தளபதியே தொப்பியைக் கழற்றினான் என்றேன். சசி தரையைப் பார்த்தான். அந்த அம்மா எதையும் நம்பின மாதிரி இல்லை.

"பையன் சாப்புட்டுப்போட்டுத்தான் கெளம்புச்சுங்களா?"

"ஆமாங்க. அவரே அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, எல்லாருக்கும் போட்டுட்டு, அவரும் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாருங்க."

சசி நிமிர்ந்தான். "ஆமாங்க" என்றான்.

நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.